மணப்பாடு: அத்தையும் நானும் ஆடிக்காத்தும்

ஆகஸ்ட் 1, வெள்ளி – திருச்செந்தூர்

கும்பாபிஷேகத்துக்கு வர முடியவில்லை என்று அத்தைக்கு ஒரு மாதமாக மனக்குறை. ஜூலை 7 அன்று டிவி முன்னால் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி. "பொட்டிக்குள்ள பாத்தா சாமி கும்புட்ட கணக்குல வருமா அம்மிணி?" என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. அதனால் கோயமுத்தூரிலிருந்து நானும் அத்தையும் மட்டும் கிளம்பினோம். சாமி அவருக்கு, கடல் எனக்கு என்பது ஒப்பந்தம். ஜூலை முழுக்க ஆபீசில் ஆடிட். மனுஷ முகமே வேண்டாம் என்று ஆகியிருந்தது. கூட்டமில்லாத ஒரு கடற்கரையில் ரெண்டு நாள் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

ஆடி வெள்ளி என்பதை யோசிக்காமல் டிக்கெட் போட்டது என் தப்பு. நூறு ரூபாய் வரிசையிலேயே நாலு மணி நேரம். எங்களுக்கு முன்னால் தோளில் கிடந்த குழந்தை மூன்று முறை தூங்கி எழுந்துவிட்டது. ரெண்டாவது மணி நேரத்தில் அத்தைக்கு முழங்கால் விட்டுப்போனது. பின்னால் நின்றவர் பையிலிருந்து ஒரு மடக்கு ஸ்டூலை எடுத்து விரித்தார். "எங்கம்மைக்குன்னு கொண்டாந்தேன், அவுக கடைசில வரல. நீங்க இரிங்க." வரிசை நகர நகர அவரே ஸ்டூலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பேரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று இப்போது உறைக்கிறது.

தரிசனம் கண்ணிமைக்கிற நேரம்தான். அத்தைக்கு அதுவே போதும். பன்னீர் இலை விபூதியை முந்தானையில் முடிந்துகொண்டார். நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு, "கடலு அங்கதான் கத்துது, இது இப்புடி இனிக்குது" என்று மூன்று பேரிடம் சொன்னார். கோயில் கடற்கரையில் மணலே தெரியவில்லை, தலைகள்தான். அலையில் நின்று எடுத்த ஒரே போட்டோவில் யாரோ ஒருவரின் முழங்கை பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி – மணப்பாடு

திருச்செந்தூரிலிருந்து தெற்கே பதினெட்டு கிலோமீட்டர் சுமார். டவுன் பஸ்ஸில் எங்கள் ரெண்டு பேருக்கும் டிக்கெட் இலவசம். அத்தை அதைச் சாமி பிரசாதம் மாதிரி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். கல்லாமொழி பக்கம் உடன்குடி அனல்மின் நிலையத்துக்காகக் கடலுக்குள் நீண்டு போகும் நிலக்கரிப் பாலம். அடுத்து குலசேகரப்பட்டினம். நான் தசராவுக்குப் பேர்போன முத்தாரம்மன் கோயிலைக் காட்ட, பக்கத்து சீட் கல்லூரிப் பையன் எதிர்ப்பக்கம் கையை நீட்டி, "அந்தப் பக்கம் ராக்கெட் தளம் வருது ஆச்சி" என்றான். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியது. இங்கிருந்து விட்டால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் நேரே தெற்கே போகலாமாம். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "தசரா அன்னிக்கு விட மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். பையனிடம் பதில் இல்லை.

கண்டக்டர் எங்களை ஊருக்குள் விடாமல் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டார். அங்கிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு நடை. சக்கரத்தில் மணல் புகுந்து உருள மறுத்ததால், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடை.

அறை விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நெட்டில் பார்த்துப் பதிவு செய்தது. ஒரு ராத்திரிக்கு 1,800 ரூபாய், 'ஜன்னலைத் திறந்தால் கடல்'. போய்ப் பார்த்தால் ஜன்னல் அதே ஜன்னல்தான், கம்பியில் பெயின்ட் உரிந்த இடம்கூட அப்படியே இருந்தது. கடல்தான் வேறு ஏதோ ஊர்க் கடல். இங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்கார அக்காவிடம் போனைக் காட்டினேன். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் ரூம்பை மட்டுந்தாம்மா போட்டோ எடுத்துக் குடுத்தேன். இத ஏத்திவிட்ட பய செஞ்ச வேல." அன்று மதியச் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். சண்டை போடலாம் என்று வைத்திருந்ததெல்லாம் அதோடு போச்சு.

காலை பதினோரு மணிக்கு, கட்டிக்கொண்டு வந்த புளிசாதமும் ஒரு புத்தகமும் எடுத்துக்கொண்டு தனியாகக் கடற்கரைக்குப் போனேன். நிஜமாகவே ஒரு ஆள் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை மணல், அந்தக் கோடியில் கலங்கரை விளக்கம், கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் படகுகள். இதற்குத்தானே வந்தேன் என்று உட்கார்ந்தேன்.

பதினோரு நிமிஷம் தாக்குப்பிடித்தேன். செல்போனில் பார்த்தே சொல்கிறேன். முதலில் துப்பட்டா போனது, பிறகு புத்தகத்தின் நடுவில் வைத்திருந்த அட்டை. மணல் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. டப்பாவைத் திறந்தேன், புளிசாதத்துக்குப் பொடி தூவியாயிற்று. அமைதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், காதுக்குள் யாரோ இடைவிடாமல் துணி கிழிக்கிற மாதிரி சத்தம்.

திரும்பி வந்தபோது அத்தை அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தார். "கச்சான் அடிச்சிட்டுக் கெடக்கு. ஆவணி பாதி வரைக்கும் இப்பிடித்தான். இந்நேரம் வெளியூர்க்காரங்க யாரு பீச்சுல போயி இருப்பா?" என்றார் அக்கா. மேல்காற்றுக்கு இங்கே பெயர் கச்சான். இதை அறை பதிவு செய்யும்போது யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். சாளை மீன் குழம்பு, தேங்காய் அரைத்து விட்டது, கோயமுத்தூர் குழம்புக்கு இருக்கிற கனம் இதில் இல்லை. புளி முதலில் தெரிந்து, பிறகு தேங்காய், கடைசியில்தான் மிளகாய் வருகிறது. கூடவே சீலா வறுவல், கை அகலத் துண்டு. திருச்செந்தூர் போய் வரும்வரை கவுச்சி இல்லை என்று நோன்பு இருந்த அத்தை, "தரிசனந்தான் முடிஞ்சுதே" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார். சாளைக்கு முள் எடுக்கத் தெரியாமல் நான் திணறியதைப் பார்த்து, அக்காவின் பத்து வயது மகள் என் தட்டை இழுத்து, முதுகோடு ஒரு அழுத்து, வாலைப் பிடித்து ஒரு இழுப்பு. முள் சீப்பு மாதிரி முழுசாக வந்துவிட்டது.

சாயங்காலம் மொட்டைமாடியில் காயப்போட்ட அத்தையின் சேலை காணாமல் போனது. கால்மணி நேரம் கழித்து ஒரு பையன் அதை நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று வீடு தள்ளி முருங்கை மரத்தில் கிடந்ததாம். "மைனி, இது உங்க வீட்டு விருந்தாளி சேலையான்னு அம்ம கேக்கச் சொன்னா" என்று அக்காவிடம் சொன்னான். இங்கே அண்ணிக்கு மைனி. அத்தை என்னிடம் மெதுவாக, "ஏஞ்சாமி, அந்தப் புள்ளய மைனாங்கறானே?" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு – மணப்பாடு

விடியுமுன் மணிச் சத்தம். ஊரே தலைவாரிப் பூ வைத்துப் பூசைக்குப் போனது. கரையில் படகுகள் நேற்று இருந்த இடத்திலேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடலுக்குப் போவதில்லை.

எங்களுக்கு அன்று ஆடிப் பதினெட்டு. அத்தை ஊரில் இருந்திருந்தால் பவானியோ பேரூரோ போயிருப்பார். கிறிஸ்தவ ஊரில் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறார். காலையில் தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டேவிட்டார். "இங்க ஆறு எங்கியாச்சும் இருக்குதுங்களா?" அக்கா ரெண்டாவது பேச்சுப் பேசவில்லை. "கருமேனி ஆறு நம்ம ஊர்லதானே கடல்ல சேருது! வாங்க" என்று, பூசைக்கு வைத்திருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளிக் கொடுத்து, மகளை வழிகாட்ட அனுப்பினார்.

ஆறு என்றால் ஓடவில்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்து, தண்ணீர் உப்பங்கழியாகத் தேங்கி, காற்றில் சுருக்கம் சுருக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்தேன், நல்ல உப்பு. சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தேன். அத்தை மஞ்சளைக் கரைத்தார், பூவை விட்டார், காதோலைக்குப் பதிலாக ஒரு பனை ஓலைத் துணுக்கைக் கிழித்து மிதக்கவிட்டார். காற்று அதை நேரே எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. பிறகு அவரே, "உப்பாத்தான் இருக்கும். கடலுக்கிட்ட வந்த ஆறு வேறெப்புடி இருக்கும்?" என்றார். கூட வந்த சின்னப் பெண்ணின் கையிலும் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். அவள் அதோடேயே மறைக்கல்வி வகுப்புக்கு ஓடினாள்.

பிறகு குன்று. குன்று என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு, உச்சியில் திருச்சிலுவை ஆலயம். 1581இல் கட்டியது. அதற்கு முந்திய கதை ஒன்று ஊரில் எல்லோருக்கும் தெரிகிறது: 1540 வாக்கில் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பல் இங்கே ஒதுங்க, தப்பித்த கப்பல் தலைவன் உடைந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி நட்டான் என்று. ரெண்டு வருஷம் கழித்து கிறிஸ்தவ மதகுரு பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1544இல் அவர் எழுதிய கடிதங்கள் பலவற்றில் மணப்பாடு என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. குன்றின் அடியில் கடலைப் பார்த்த குகை அவர் தங்கியது. அவருக்கு முன் ஒரு சைவச் சாமியார் அதில் இருந்தார் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் அத்தைக்கு உரிமை வந்துவிட்டது, செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாகக் குனிந்து நுழைந்தார். உள்ளே தண்ணீர் உண்டு, ஒரு பெரியவர் கையில் ஊற்றினார். உப்பில்லை. "முருகன் அங்கொண்ணு வெச்சா இவுங்களும் இங்கொண்ணு வெச்சிருக்காங்க" என்று அத்தை முடித்துவிட்டார்.

குன்றில் எங்களைத் தவிர நாலே பேர். இதைச் சொன்னதற்கு அந்தப் பெரியவர் சிரித்தார். "செப்டம்பர் பதினாலு வாங்க. திருநாளு. நிக்க எடமிருக்காது."

காற்றுக்கு எதிர்ப்பக்கம் இறங்கியபோதுதான் அந்த இடம் கிடைத்தது. குன்று கச்சானை மறைத்துக்கொள்ள, பத்தடிக்குள் ஸ்விட்ச் போட்டு நிறுத்திய மாதிரி சத்தம் நின்றுவிட்டது. அத்தை ஒரு படகின் நிழலில் முந்தானையை விரித்துப் படுத்து உடனே தூங்கிவிட்டார். நான் உட்கார்ந்தேன். அலை இங்கே உயர்ந்து வரவில்லை, ஓரத்தில் நாக்கை நீட்டி நக்கிவிட்டுப் போனது. ஈரமணலில் ஒரு வளை. அதிலிருந்து சுண்டைக்காய் அளவு நண்டு வந்து, மணலை வாயில் வாங்கி, கடுகளவு உருண்டையாகப் பிடித்துப் பின்னால் தள்ளியது. ஒவ்வொரு உருண்டையையும் வளையிலிருந்து நேர்கோட்டில் வைத்துக்கொண்டே போனது. என் நிழல் அசைந்தால் உள்ளே, அசையாவிட்டால் மறுபடி வெளியே. ஒரு பெரிய அலை வந்து மொத்தத்தையும் துடைத்தது. நான் அதற்காக வருத்தப்பட்டு முடிப்பதற்குள் நண்டு முதல் உருண்டையை வைத்திருந்தது. கொஞ்சம் தள்ளி உடைந்த பாட்டில்களும் யாரோ விட்டுப்போன பிரியாணி டப்பாக்களும் கிடந்ததையும் சொல்ல வேண்டும். நான் எடுத்த போட்டோக்களில் அவை வராதபடிதான் எடுத்திருக்கிறேன்.

தண்ணீர் தொட்டி மாதிரி கிடக்கவே, பேன்ட்டை மடக்கிக்கொண்டு இறங்கப் போனேன். "யம்மா, அங்கன எறங்காதிய!" நான் மனிதரே இல்லை என்று நினைத்திருந்த கரையில், நாலு படகு தள்ளி ஒருவர் வலை முடைந்துகொண்டிருந்தார். எழுபது இருக்கும். அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறார். "பாக்கத்தான் சும்மா கெடக்கும். அடியில நீவாடு இழுக்கு. அந்தா தண்ணி நெறம் மாறுதுல்லா, அதான்." நீவாடு என்றால் நீரோட்டம். அவர் காட்டிய இடத்தை ஐந்து நிமிஷம் பார்த்தபிறகுதான் எனக்கு நிறம் மாறுவது தெரிந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வலையின் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. வட்டமாகக் கடித்தெடுத்தது பேத்தை மீன், அந்தப் பல்லுக்கு நைலான் நூல்போல. பிய்த்து இழுத்த மாதிரி இருந்தால் நண்டு. நீளமாகக் கிழிந்தால் பார், அதாவது கடலடிப் பாறை. ஊசி போய் வருவதை நான் பார்க்க, அவர் பார்க்கவேயில்லை, கண் கடலில் இருந்தது. "ஞாயித்துக்கெழம ஓய்வில்லையாங்கய்யா?" என்றேன். "இது ஓய்வுதானே" என்றார்.

நாலு மணிக்கு முதல் வேன் வந்தது. திருச்செந்தூர் தரிசனம் முடித்தவர்கள் திரும்பும் வழியில் ஒரு எட்டுப் பார்க்க வருகிறார்கள். நாலரைக்குள் ஆறு வேன், ஐஸ் வண்டி, ஸ்பீக்கர். யாரோ என்னிடம் செல்போனை நீட்டி, "அக்கா, குரூப் போட்டோ ஒண்ணு" என்றார்கள். ஏழெட்டு எடுத்துக் கொடுத்தேன். வலைக்காரர் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு கும்பலையும் கத்திக் கரையேற்றிக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள் – மணப்பாடு, உடன்குடி

நான் அமைதி தேடி வந்த கரையில் அதிகாலை அஞ்சரைக்குச் சந்தை. ராத்திரியே போன படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கூடை, ஐஸ், டி.வி.எஸ். 50, பெண்கள், காக்காய், நாய். மணலில் கொட்டிய ஊளியையும் விளமீனையும் சுற்றி வட்டமாகக் கூட்டம். ஏலம் கூறுபவர் எண்களை மூச்சு விடாமல் அடுக்கினார். 'ஆயிரம்' என்ற சொல்லையே சொல்லாமல், மிச்சத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார் என்று புரியவே எனக்கு ரெண்டு ஏலம் ஆயிற்று. யார் கேட்டார், யார் எடுத்தார் எதுவும் தெரியவில்லை. ஒரு புருவம் அசைந்தது, மீன் கைமாறியது. நடுவே அத்தை சேலையை இழுத்துச் சரி செய்யக் கையைத் தூக்க, ஏலக்காரர் சட்டென்று இவர் பக்கம் திரும்பினார். "ஐயோ, நானில்லைங்க!" என்று அத்தை கத்த, கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஒரு மீன்காரப் பெண் அத்தையின் தோளைத் தட்டி, "கேட்டுட்டிய, இனி எடுத்துத்தான் ஆவணும்" என்று வம்பிழுத்தார். அத்தையை இவ்வளவு சந்தோஷமாக நூறு ரூபாய் வரிசையில் நான் பார்க்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் கரை மறுபடி காலி. மீன் செதில்கள் மட்டும் மணலில் மினுங்கிக்கொண்டிருந்தன.

கிளம்பும்போது அக்கா சுட்ட பனம்பழம் கொடுத்தார். நார் பல்லில் மாட்டிக்கொண்டு கை, மூக்கு எல்லாம் மஞ்சள். வாசனை பிடித்தால் பிடிக்கும், பிடிக்காவிட்டால் வீட்டுக்குள் வைக்க முடியாது. எனக்குப் பிடித்தது. இந்த ஊர்ப் பெண்கள் முடையும் ஓலைப்பெட்டி ஒன்று 120 ரூபாய்க்கு வாங்கினேன். மூடி போட்டால் டப் என்று பொருந்துகிறது. பேரம் பேசப்போன என்னை அத்தை கிள்ளினார். உடன்குடியில் இறங்கிக் கருப்பட்டி, கிலோ 380. "சீனி கலக்காததா?" என்றதற்குக் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கருப்பட்டியை உடைத்து உள்பக்கத்தைக் காட்டினார். எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாததால் தலையாட்டிவிட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 6, புதன் – கோயமுத்தூர்

செல்போன் சார்ஜ் ஏறவில்லை. கடைப் பையன் ஓட்டைக்குள் ஊசி விட்டு ஒரு வெள்ளைத்தாளில் தட்டினான். மணல். 250 ரூபாய்.

அத்தை காலையிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். முருகன் தரிசனம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஏலக் கதைக்குப் பத்து நிமிஷம். ஒவ்வொரு போனிலும் வைக்கிறதுக்கு முன்னால் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "அது என்ன ஊருங்கறீங்க, சேலை போட்டுட்டு உள்ள போயிட்டு வாரதுக்குள்ள காஞ்சிருதுங்க. புடிச்சுக்கோணும், அவ்வளவுதான்."